சம்பளச் சீட்டில் ‘பேசிக்’ வரி: சிங்கப்பூர் போகும் டெல்டாக்காரருக்கு நேரக் கணக்கும் சங்கமும்

மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டில் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம், ஏஜெண்டுக்காக வாங்கிய கடனில் எவ்வளவு கழியும் என்பதற்கு அந்த வரி போதும். அதே சீட்டை ஒரு தொழிற்சங்கத்துக்காரர் கையில் கொடுத்தால், அவர் கண் மேலே ‘பேசிக்’, அதாவது அடிப்படைச் சம்பளம், என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போகும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்பது அங்கேதான் முடிவாகிறது.

மாத பேசிக்கை 12-ஆல் பெருக்குங்கள். அதை 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுங்கள். ஒரு மணி நேரக் கூலி வந்துவிடும். பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மணிக்கு 4.20 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆக 6.29. இதே 800-ஐ ‘பேசிக் 500, அலவன்ஸ் 300’ என்று பிரித்து எழுதிவிட்டால் ஓவர்டைம் 3.93-க்கு இறங்கிவிடும். மாதச் சம்பளம் பார்வைக்கு அதே 800-தான், அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. சட்டம் அனுமதிக்கிற உச்ச அளவு ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி. அத்தனையும் செய்கிறவருக்கு மாதம் 170 வெள்ளி நஷ்டம். இரண்டு வருடத்தில் 4,000 வெள்ளிக்கு மேல்.

இதைப் பிடிக்க ஒரே காகிதம் ஐபிஏ. ஊரை விட்டுக் கிளம்பும் முன் மனிதவள அமைச்சிடமிருந்து வரும் அனுமதிக் கடிதம் அது. பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக அதில் இருக்கும், தமிழிலும் கிடைக்கும். அதில் போட்ட தொகையைக் குறைக்க வேண்டுமானால் முதலாளி தொழிலாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். கோளாறு எங்கே நடக்கிறது என்றால், இறங்கிய முதல் வாரத்தில். ஆங்கிலத்தில் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டி, ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கும்போது அந்தச் சம்மதமும் உள்ளே போய்விடும். படம் எடுக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஐபிஏவின் ஒரு நகல் ஊரில் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும், இன்னொன்று போனில்.

அடுத்தது டைம் ஷீட். களத்து மேட்டில் கூலி அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. டைம் ஷீட்டும் மரக்கால்தான். காஸ்டிங் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் லாரி தாமதமாக வரும். வந்த பிறகு பாதியில் நிறுத்த முடியாது, ஸ்லாப் முழுக்க ஊற்றி, வைப்ரேட்டர் விட்டு, மட்டம் தட்டி முடிக்க இரவு பத்தாகிவிடும். ஷீட்டில் ஏழு என்று இருக்கும். காரணம் பல சமயம் அந்த 72 மணி வரம்புதான். அதைத் தாண்டிய மணிகளை எழுதினால் கம்பெனி மாட்டிக்கொள்ளும், எழுதாவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம். வரம்பை மீறியது முதலாளியின் குற்றம். உழைத்த மணிக்குக் கூலி கேட்க அது உங்களுக்குத் தடை ஆகாது.

ஆகவே சொந்தக் கணக்கு வேண்டும். சின்ன நோட்டு ஒன்று போதும்: தேதி, சைட் பெயர், ஆரம்பித்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடிந்த நேரம், கூட இருந்தவர் பெயர். அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பினால் பின்னால் சம்பளத் தகராறில் சமரசம் பேசுகிறவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். கம்பெனி ஷீட்டை வெள்ளையாக விட்டுக் கையெழுத்து கேட்டால், நேரம் நிரப்பிய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். அப்படியும் வற்புறுத்தினால் வெள்ளைத் தாளையே ஒரு படம்.

வார ஓய்வு நாளில் இன்னொரு நுணுக்கம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ‘யார் கேட்டது’ என்பதில்தான் காசு. முதலாளி கேட்டு முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் பேசிக். தொழிலாளியே கேட்டுச் செய்தால் ஒரு நாள்தான். 800 வெள்ளிக்காரருக்கு, வாரம் ஆறு நாள் கணக்கில், 61.54-க்கும் 30.77-க்கும் உள்ள வித்தியாசம். ‘நானே விரும்பி வேலைக்கு வருகிறேன்’ என்று அச்சடித்த படிவம் சில சைட்டுகளில் சுற்றும். சூப்பர்வைசர் ‘சண்டே எல்லாரும் வரணும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியை அழித்துவிடாமல் வைத்திருந்தால் அந்தப் படிவம் நிற்காது.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம், கூடவே பேஸ்லிப். பேஸ்லிப்பில் ஓவர்டைம் மணிகளும் தொகையும் தனியாக இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியைத் தொழிலாளியிடம் பிடிப்பது சட்டவிரோதம். வேலை பெர்மிட் புதுப்பிக்கக் கையூட்டு வாங்குவதும் அப்படியே.

இதிலெல்லாம் சங்கத்துக்கு என்ன வேலை? டெல்டாக்காரருக்குச் சங்கம் புதிதல்ல. பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கூலியாட்களைத் திரட்டிய மண். கூலி உயர்வு கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி எரிந்த மண். கடல் கடந்தும் போயிருக்கிறது அந்தப் பழக்கம்: தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி மலாயாவில் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார், 1949 மே 4-இல் பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்கிலிட்டது. ஆனால் ஊர்ச் சங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இறங்கினால் தடுக்கி விழுவோம். அங்கே அனுமதி இல்லாமல் கம்பெனி வாசலில் உட்கார்ந்து மறியல் செய்தால் பெர்மிட்டே போய்விடும். வேலைநிறுத்தத்துக்கு உறுப்பினர்களிடையே ரகசிய வாக்கெடுப்பு நடந்து பெரும்பான்மை வேண்டும். பெர்மிட்டில் இருப்பவர் சங்கத்தில் உறுப்பினராகலாம், அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் நிர்வாகி ஆக முடியாது. இந்தக் கடைசி விதி எங்களுக்கு உவப்பானது இல்லை. வேலையின் பாரத்தைச் சுமக்கிறவன் நாற்காலிக்கு வெளியே நிற்கிறான்.

இருந்தும் சங்கம் உதவுகிறது, காகித வழியில். சங்கத்தை அங்கீகரித்த கம்பெனியில் கூட்டு ஒப்பந்தம் இருக்கும், இரண்டிலிருந்து மூன்று வருடத்துக்கு. தொழில் தீர்ப்பு மன்றம் அதைப் பதிவு செய்யும். மணி, லீவு, குறை சொல்லும் முறை எல்லாம் அதில் வந்துவிடுவதால் சூப்பர்வைசரின் வாய்ச்சொல்லுக்கு வேலை குறைகிறது. சேர்ந்தவுடன் அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சங்கமே இல்லாத சிறு சப்-கான்ட்ராக்டரிடம் இருப்பவருக்கு, சிங்கப்பூரின் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009-இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. உதவி எண் 6536 2692. தமிழில் பேசலாம். லிட்டில் இந்தியாவில் பார்க்கும் தொண்டு அமைப்புகளும் நல்ல உதவி செய்கின்றன, ஆனால் அவை சங்கம் அல்ல. முதலாளியோடு கூட்டு ஒப்பந்தம் போடும் அதிகாரம் சங்கத்துக்குத்தான்.

பாக்கி கேட்பதென்றால் முதல் படி அரசாங்கம், சங்கம், முதலாளிகள் மூவரும் சேர்ந்த முத்தரப்புக் கூட்டணியின் சமரசம், தீராவிட்டால் கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டிலும் வக்கீல் கிடையாது. தனியாகப் போனால் கேட்கக்கூடிய உச்சத் தொகை 20,000 வெள்ளி, சங்கம் கலந்துகொண்ட சமரசத்தின் வழியாகப் போனால் 30,000. வேலையில் இருக்கும்போது சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். அநியாயமாக வேலையிலிருந்து நீக்கினார்கள் என்றால் ஒரே மாதம்தான். சமரசம் முறிந்து சான்றிதழ் கையில் கிடைத்தால் நான்கு வாரத்துக்குள் நடுவர் மன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் தேதிகளைத் தவறவிட்டுத்தான் பல நியாயமான கேஸ்கள் செத்துப்போகின்றன.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மேலே சொன்ன மணி, ஓவர்டைம் விதிகள் உள்ள வேலைச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, லீவு விட்டே ஆக வேண்டும்.

புகார் போன மறுநாள் டிக்கெட்டோடு ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போவது நடக்கிற சங்கதி. ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற காகிதத்தில் லாரியில் வைத்துக் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். சாங்கியில் குடிநுழைவு அதிகாரியிடம் ‘எனக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது’ என்று சொல்லுங்கள். கேஸ் நடக்கும்வரை தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. சண்டை வேண்டாம், கம்பெனியை மாற்றிக்கொண்டால் போதும் என்பவருக்கு வேறொரு கதவு உண்டு: கட்டட வேலை பெர்மிட் முடிய 40 நாளுக்கும் 21 நாளுக்கும் இடையில் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புது முதலாளி விண்ணப்பிக்கலாம். பெர்மிட் முடியும் தேதியை முதலாளி சொல்லித் தெரிந்துகொள்ளக் காத்திருக்காமல் அமைச்சின் எஸ்ஜி வொர்க்பாஸ் செயலியில் நீங்களே பார்த்து, புது முதலாளியிடம் மூன்று மாதம் முன்பே பேசி வையுங்கள்.