சிங்கப்பூர் நூடுல்ஸ் இல்லாத சிங்கப்பூர்க்காரர் கடை

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் 12 வருடம் உழைத்துவிட்டு வந்து, கோபிசெட்டிபாளையத்தில் சந்தகைக் கடை போட்டேன். இட்லியை அவித்து, சூட்டோடு அச்சில் போட்டு நூலாகப் பிழிவதுதான் சந்தகை. அங்கே நான் ஏங்கியதெல்லாம் சந்தகைக்கும் தேங்காய்ப்பாலுக்கும்தான். ஊரும் அப்படியே ஏங்கிக் கிடக்கும் என்று எப்படித்தான் நினைத்தேனோ! தடப்பள்ளி வாய்க்கால் பாய்ந்து நெல் விளைகிற பூமி. பாதி வீட்டுப் பரணில் சந்தகை அச்சு இருக்கிறது. "இதையா காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள்?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் கூத்து வேறு. 40 இட்லியையும் ஒரே மூச்சில் அவித்து இறக்கிவிட்டேன். சூட்டோடு பிழியவேண்டிய இட்லி, ஆறினால் கல். பத்தாவதற்கு மேல் கைப்பிடி அசையவில்லை. தம் பிடித்துத் திருகினேன். மூன்று கால் அச்சு மேசையை விட்டுக் கிளம்பி, என்னையும் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தியது. அம்மா வந்து அச்சைத் தரையில் இறக்கி, அதன் காலை மிதித்துக்கொண்டு, "ஒவ்வொரு ஈடாக அவி, சாமி" என்றார்.

அதன்பிறகு வந்த இளவட்டங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, சிங்கப்பூர் நூடுல்ஸ் இருக்கிறதா?"

மஞ்சளாக, மசாலா வாசத்தோடு இங்கே அந்தப் பெயரில் விற்பது ஹாங்காங் பக்கத்துச் சமையல். சிங்கப்பூரில் காலையில் நான் சாப்பிட்டது மசாலா சேராமல் வதக்கிய பீஹூன் என்கிற அரிசி சேமியா. இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? "12 வருடம் இருந்துவிட்டு இதுகூடத் தெரியவில்லையே" என்று ஒருவர் என் முன்னாலேயே பரிதாபப்பட்டார்.  

ஒரு மாலை கல்லூரிப் பையன் ஒருவன் அதையே கேட்டான். நான் இல்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அம்மா, கடுகு தாளித்து மஞ்சள்தூள் போட்டுக் கிளறிய எலுமிச்சைச் சந்தகையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டார். பையன் வழித்துத் தின்றுவிட்டு எழுந்தான்.

"இல்லை என்று ஏன் அண்ணா சொன்னீர்கள்? சிங்கப்பூரில்கூட இப்படிக் கிடைக்காது!"

"சத்தியமாகக் கிடைக்காது, தம்பி" என்று காசை வாங்கிப் போட்டேன்.