டோக்கியோவுக்குக் குடும்பத்தோடு: நம் வீட்டு ஆட்களுக்குத் தக்கபடி திட்டம் போடுவது

டோக்கியோவுக்கு இணையத்தில் கிடைக்கும் நாள்வாரித் திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. "முதல் நாள் விடியற்காலை 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும், அப்படியே ட்சுகிஜி சந்தைப் பக்கம் கிளம்புங்கள்" என்று இருக்கும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவர்களுக்கு நடப்பது நேர்மாறு. ஜப்பான் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 7 என்றால் நம் உடம்புக்கு அதிகாலை 3.30. அங்கே இரவு 11 ஆகும்போது நமக்கு 7.30தான். அதனால் முதல் இரண்டு நாளும் காலை 10 மணிக்கு முன் எதையும் வைக்காதீர்கள், மாலையை நிரப்புங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பெரியவர்களும் பிள்ளைகளும் முதல் நாளே துவண்டுபோவது குறையும்.

அடுத்தவர் திட்டத்தை அப்படியே எடுத்தால் இந்த மாதிரிதான் எங்காவது இடிக்கும். ஆகவே இடங்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் வீட்டு ஆட்களை எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் மூன்று விஷயம்: எதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நடக்க முடியும், என்ன சாப்பிட மாட்டார். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி, சுத்த சைவம். பையனுக்குப் பத்து வயது, ரயில் என்றால் உயிர். மனைவிக்குச் சமையல் பாத்திரக் கடைகள், கணவனுக்குத் தோட்டங்கள். ஆறு இரவு. கோவில், தோட்டம், ரயில், பாத்திரம் நாலும் ஒரே ஊரில் கிடைக்கும். எதை எந்தக் கிழமையில், எந்தப் பேட்டையோடு சேர்ப்பது என்பதுதான் கணக்கு.

கிழமையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். திங்கட்கிழமை உவேனோ பூங்காவின் அருங்காட்சியகங்களுக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் கதை. டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், ஷின்ஜுகு கியோஎன் தோட்டம் இரண்டுக்கும் திங்கள் வார விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் திறந்து வைத்துவிட்டு, செவ்வாய் அன்று மூடுவார்கள். அரண்மனையின் கிழக்குத் தோட்டம் திங்கள், வெள்ளி இரண்டு நாளும் கிடையாது. ஓமியாவில் இருக்கும் ரயில்வே அருங்காட்சியகமும் மிடாக்காவில் இருக்கும் கிப்லி (அனிமேஷன் பட நிறுவனம்) அருங்காட்சியகமும் செவ்வாயன்று மூடல். உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையில் உள்ள கப்பாபாஷி பாத்திரக் கடைத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. ஆகவே எங்கள் உதாரணக் குடும்பத்துக்குத் திங்கள் அன்று ஹராஜுகுவும் ஷிபுயாவும், அல்லது ஊரைத் தாண்டி காமகுரா. தோட்டம் புதன் அல்லது வியாழன். கப்பாபாஷிக்கு வார நாள்.

தேதி குறித்து டிக்கெட் வாங்கவேண்டியவற்றை அதற்கு அடுத்து எழுதுங்கள். கிப்லி அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் விற்பதே இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான டிக்கெட் விற்பனை தொடங்கும். நமக்கு அது காலை 6.30. வார இறுதி நாட்கள் வேகமாகப் போய்விடும் என்பதால் மூன்று தேதி யோசித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஷிபுயா ஸ்கை மொட்டைமாடிக்குச் சூரியன் மறையும் நேரத்து டிக்கெட்தான் முதலில் தீரும். சுமோ பார்க்க ஆசை என்றால் ரியோகொகு அரங்கில் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் மட்டுமே பெரும்போட்டி, ஒவ்வொன்றும் 15 நாள். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் போதும் என்பவர்கள் ஷின்ஜுகுவில் உள்ள மாநகர அரசுக் கட்டடத்தின் 202 மீட்டர் உயர மாடத்துக்குப் போகலாம். இலவசம். குளிர்காலக் காலையில் வானம் தெளிந்திருந்தால் ஃபுஜி மலையும் தெரியும்.

எந்த மாதம் போவது? நம் ஆட்களுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிய என்பதுதான் என் பரிந்துரை. வெயிலும் மழையும் தொல்லை தராது, நவம்பர் கடைசியில் ஜிங்கோ மரங்கள் மஞ்சளாக நிற்கும். செர்ரி பூக்கும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம் அழகுதான், ஆனால் விடுதி வாடகை எகிறும். பூ எந்த வாரம் விரியும் என்பதும் நம் கையில் இல்லை. பள்ளி விடுமுறை என்று மே தொடக்கத்தில் போகிறவர்கள் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான தங்க வாரத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஜப்பானே ஊர் சுற்றக் கிளம்பும் நாட்கள் அவை. ஆகஸ்ட் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததல்ல.

இனி வரைபடம். யமனோட்டே என்ற ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாதை நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. 30 நிலையம், ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். உங்கள் இடங்களை இந்த வளையத்தின் மேல் குறித்தால் அவை தாமாகவே கொத்துக் கொத்தாகப் பிரிந்துவிடும். மேற்கே ஷின்ஜுகு, ஹராஜுகு, ஷிபுயா. வடகிழக்கே உவேனோ, அகிஹபாரா, வளையத்துக்குச் சற்று வெளியே அசாகுசா. ஒரு நாளைக்கு ஒரு கொத்து, அதில் இரண்டு பேட்டை. காலையில் கிழக்கு, மதியம் மேற்கு, இரவு மறுபடி கிழக்கு என்று போட்டால் தூரத்தைவிட நிலையங்களுக்குள் நடக்கும் நடைதான் ஆளைக் கொல்லும். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். டோக்கியோ நிலையத்தில் கெய்யோ பாதை நடைமேடைக்கு மற்ற பாதைகளிலிருந்து போக, மூட்டு வலிக்காரரோடு என்றால் 15 நிமிடம் ஒதுக்கவேண்டும். டிஸ்னிலேண்ட் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் நிலையத்தின் பெயரோடு வாசல் எண்ணையும் எழுதி வையுங்கள். கூகுள் மேப்ஸ் அதையும், எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கு அருகில் இறங்கலாம் என்பதையும் காட்டும். பல சுரங்க நிலையங்களில் லிஃப்ட் ஒன்றிரண்டு வாசல்களில் மட்டுமே தெரு வரை வரும். பக்கத்து வாசலில் ஏறிவிடலாம் என்று நினைத்தால் அறுபது எழுபது படி காத்திருக்கும்.

பயணச்சீட்டில் குழப்பமே வேண்டாம். ஆளுக்கொரு சுயிக்கா அல்லது பாஸ்மோ அட்டை, அதாவது முன்கூட்டியே பணம் போட்டு வாயிலில் தொட்டுவிட்டுப் போகும் அட்டை. இரண்டு பேர் ஓர் அட்டையில் போக முடியாது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்குக் கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டிக் குழந்தை அட்டை வாங்கினால் பாதிக் கட்டணம். ஐபோனில் சுயிக்காவைச் சேர்க்கலாம், ஆனால் இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக முடியாது. சுரங்க ரயிலுக்கு மட்டும் 24, 48, 72 மணி நேரச் சீட்டு உண்டு. அது முதல் முறை வாயிலில் நுழைத்த நொடியிலிருந்து எண்ணப்படும். மதியம் 1 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மதியம் 1 வரை செல்லும். யமனோட்டேயிலும் விமான நிலைய ரயில்களிலும் அது செல்லாது. நாடு முழுக்க ஜே.ஆர். ரயில்களில் சுற்ற உதவும் ஜே.ஆர். பாஸ் டோக்கியோவுக்குள் மட்டும் சுற்றுபவர்களுக்குத் தேவையே இல்லை. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. கியோட்டோ ஒரு தடவை போய்வந்தாலும் கட்டாது.

விடுதியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள், கொத்துகள் தெரிந்த பிறகு. எங்கள் உதாரணக் குடும்பத்துக்கு உவேனோ அல்லது அசாகுசா. ஹனேடா, நரிட்டா இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் அசாகுசாவுக்கு மாறாமல் வரும் ரயில் உண்டு. நரிட்டாவிலிருந்து உவேனோவுக்கு ஸ்கைலைனர் என்ற விரைவு ரயில் வருகிறது, அதற்குத் தனிக் கட்டணம். நரிட்டா ஊரிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருப்பதால் இரவு 10 மணிக்கு மேல் அங்கே இறங்கும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பெட்டி வந்து சேர்வதற்குள் ரயில் நின்றுவிட்டால் டாக்சிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். திரும்பும்போது ஒரு கவனம்: அசாகுசாவில் ஒரே நடைமேடையில் வேறு ஊர் ரயில்களும் வரும், பலகையில் ஹனேடா விமான நிலையம் என்று போட்டிருப்பதில்தான் ஏறவேண்டும். அறை பதிவு செய்யும்போது சதுர மீட்டரைப் பாருங்கள். 12, 13 சதுர மீட்டரில் இரண்டு பெரிய பெட்டியைத் தரையில் விரித்துத் திறக்க இடம் இருக்காது. 'செமி டபுள்' என்று போட்டிருந்தால் கட்டிலின் அகலம் பெரும்பாலும் 120 செ.மீ.தான்.

இப்படிப் போட்டால் ஒரு நாள் எப்படி இருக்கும்? வந்து இறங்கிய அன்று மாலை 7 மணிக்கு மேல் அசாகுசாவின் சென்சோஜி கோவில். மூலக் கதவு 5 மணிக்கே சாத்திவிடுவார்கள், ஆனால் வளாகம் திறந்தே இருக்கும். கூட்டம் கலைந்து, விளக்கொளியில் சிவப்புக் கோபுரம் நிற்கும். சமதரை, அம்மாவுக்குச் சிரமமில்லை. மறுநாள் காலை 10.30க்கு அசாகுசாவில் கின்ஸா பாதை ரயில். 1927இல் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையில் தொடங்கிய, ஆசியாவின் முதல் சுரங்க ரயில் இது என்று பையனிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் உவேனோ. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், இந்தப் பாதையின் பணிமனைக்குப் போகும் தண்டவாளம் சாதாரணத் தெருவைக் கடக்கிறது. சுரங்க ரயிலுக்கு ரயில்வே கேட்! மஞ்சள் வண்டி வெளியே வரும்போது கேட் விழுந்து, தெருவில் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. அதே நேரத்தில் அம்மாவும் கணவனும் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கலாம். நாலு பேரும் எப்போதும் சேர்ந்தே சுற்றவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் நாலு பேருக்கும் நிறைவு. பிற்பகல் 3 மணிக்குக் கப்பாபாஷி. 5 மணிக்கு மேல் கடைகள் சாத்தத் தொடங்கும். கத்தி வாங்கினால் செக்-இன் பெட்டியில்தான் போகவேண்டும்.

சைவச் சாப்பாடு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லவேண்டும். மீன் துண்டு கண்ணில் படாததால் அது சைவமாகிவிடாது. தாஷி என்ற அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த காட்சுவோ மீனைச் சீவி எடுப்பது. மிசோ சூப், சோபா நூடுல்ஸின் தொட்டுச்சாறு, வேகவைத்த காய்கறி, சீவிய முள்ளங்கி ஊறுகாய் வரைக்கும் அது புகுந்திருக்கலாம். காலையிலேயே காய்ச்சி வைத்த சாறு என்பதால் "மீன் வேண்டாம்" என்று சொன்னாலும் கடைக்காரரால் பிரித்து எடுக்க முடியாது. வீகன் என்று போர்டு போட்ட கடை, இந்தியக் கடை இரண்டையும் ஒவ்வொரு கொத்திலும் ஒன்றாவது வரைபடத்தில் குறித்து வையுங்கள், சமீபத்திய விமர்சனத் தேதியையும் பாருங்கள். 2000க்குப் பிறகு நம் ஐடி ஊழியர்கள் நிறையப் பேர் குடியேறிய நிஷிகசாயில் இந்திய மளிகையும் தென்னிந்தியச் சாப்பாடும் கிடைக்கும், ஆனால் தினமும் போய்வர அது தூரம்.

அவசரத்துக்குத் தயிர்சாதம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் 200 கிராம் வெந்த சோற்று டப்பா கிடைக்கும். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து மைக்ரோவேவில் 2 நிமிடம். பல விடுதிகளில் பொது மைக்ரோவேவ் இருக்கும். இனிப்பில்லாத 400 கிராம் தயிர் டப்பாவில் பாதி. அந்த அரிசி குழைவாக ஒட்டும் ரகம், தயிர்சாதத்துக்கென்றே விளைந்ததுபோல் சேரும். ஜெலட்டின் சேர்த்த தயிரும் விற்கிறது, போன் கேமராவில் லேபிளை மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குங்கள்.

ஊறுகாய்ப் பாக்கெட்டும் பருப்புப்பொடியும் எடுத்துப் போகலாம். இறைச்சி கலந்த எதுவும் கூடாது. கறிவேப்பிலை, மாம்பழம் போன்ற பச்சைப் பொருட்களைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மின் குக்கர், கெட்டில் வேண்டாம். அங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டிலுக்கு ஐந்தில் ஒரு பங்குச் சக்திதான் கிடைக்கும், தண்ணீர் கொதிக்கவே யுகமாகும். போன் சார்ஜர்கள் பொதுவாக 100 வோல்ட்டிலும் வேலை செய்யும், தட்டையான இரண்டு பின் அடாப்டர் போதும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் பெட்டியில் இருக்கக்கூடாது. வழக்கமான மாத்திரை ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்கவேண்டும்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு இ-விசா. விண்ணப்பத்தோடு நாள்வாரித் திட்டமும் கேட்பார்கள். மேலே சொன்ன தாளைச் சுத்தமாக எழுதினால் அதுவே போதும். அந்த விசாவை விமான நிலையத்தில் போனில் இணையத்தோடு திறந்து காட்டவேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் பிரின்ட்டும் செல்லாது என்பதால் ரோமிங் அல்லது இ-சிம் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். குடிவரவு, சுங்கச் சோதனைக்கான விசிட் ஜப்பான் வெப் தளத்தில் எல்லோர் விவரத்தையும் நிரப்பி க்யூஆர் குறியீடு எடுத்து வைத்தால் வரிசை சீக்கிரம் நகரும்.

இன்னொன்று, நேதாஜியை நேசிக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அரைநாள் ஒதுக்குங்கள். சுகினாமி பகுதியில், மருனோஉச்சி பாதையின் ஹிகாஷி-கோயென்ஜி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ரென்கோஜி என்ற சிறிய புத்தக் கோவில். அவருடையது என்று கருதப்படும் அஸ்தி 1945 முதல் அங்கே இருக்கிறது, முற்றத்தில் மார்பளவுச் சிலை. மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்தவர்கள். அம்மாவின் தாளில் இது முதல் வரியாகவே இருக்கலாம்.

கடைசி நாளுக்கு எதுவும் போடாதீர்கள். காலை 10 அல்லது 11க்கு அறையைக் காலி செய்யவேண்டும். பெட்டிகளை விடுதி வரவேற்பிலேயே வைத்துக்கொள்வார்கள். நிலைய லாக்கரில் பெரிய பெட்டிக்கான அறைகள் காலையிலேயே நிரம்பிவிடும். நரிட்டா விமானம் என்றால் புறப்படும் நேரத்துக்கு நாலரை மணி நேரம் முன்பே விடுதியிலிருந்து கிளம்புங்கள். சுயிக்காவில் மிச்சமிருக்கும் சில்லறையை விமான நிலையக் கடையில் பையனுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கித் தீர்த்துவிடலாம்.