பைரன் பே: பார்க்வே டிரைவின் ஊரில்

ஆஸ்திரேலியாவின் பைரன் பே கடைத்தெருவில் சர்ஃபிங் பலகை விற்கிறார்கள், யோகா வகுப்புக்குக் கூப்பிடுகிறார்கள், மன அமைதிக்கு ஸ்படிகக் கல் விற்கிறார்கள். ஹாலிவுட் நடிகர் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார் என்பதை நாம் கேட்காமலேயே சொல்கிறார்கள். உலகம் சுற்றும் மெட்டல்கோர் (ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) குழுவான பார்க்வே டிரைவ் இந்த ஊர்ப் பிள்ளைகள் என்பதற்கு ஒரு சுவரோவியம்கூட என் கண்ணில் படவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் போகும் வழி. பிரிஸ்பேனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 165 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் கோடையில் பைரன் பே இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது, பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து தள்ளுவதில்லை. எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரம் காணாமல் போகும். நான் ஏறிய பஸ் அதற்கும் மேலே ஒன்றரை மணி நேரம் தாமதம். நிறுத்தத்தில் நிழல் இல்லை, டிக்கெட்டில் போட்டிருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. உள்ளே ஏறினால் ஏசியைக் குறைக்க முடியாது என்றார் டிரைவர், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது விடுதி வரவேற்பு மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கெஞ்சித்தான் சாவி வாங்கினேன். எட்டுப் பேர் அறையில் ஒரு மேல் படுக்கைக்கு, வார இறுதி என்பதால், இரவுக்கு 80 டாலர். நம் காசில் 4,000 ரூபாய்க்கு மேல்!

ரயிலில் போகலாமே என்றால், பைரன் பே வழியாக ஓடிய ரயிலை 2004-லேயே நிறுத்திவிட்டார்கள். பார்க்வே டிரைவ் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லை, ரயிலும் போய்விட்டது. அப்படிப்பட்ட கடலோர ஊரிலிருந்து சில பையன்கள் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

குழுவின் பெயரே ஒரு தெருவின் பெயர்தான். ஊருக்கு மேற்கே, நெடுஞ்சாலைப் பக்கம், யூயிங்ஸ்டேல் என்ற குடியிருப்பில் இருக்கிறது அந்தத் தெரு. அங்கே ஒரு வீட்டில்தான் ஒத்திகை பார்த்தார்கள். இளைஞர் மையத்தை விட்டால் இந்த மாதிரி இசைக்கு ஊரில் இடம் இல்லாததால், அந்த வீட்டிலேயே கச்சேரியும் நடந்தது. தூரம் ஆறு கிலோமீட்டர்போல இருக்கும். அதற்கு ஒரு டாக்சிக்காரர் மீட்டர் போடாமல் 45 டாலர் கேட்டார். வெயிலில் வேறு வண்டி இல்லை, கொடுத்தேன். அந்த ஊரிலேயே பல வருடமாக வண்டி ஓட்டுகிறாராம், குழுவின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். காசு போனதைவிட அதுதான் வலித்தது. திரும்பும்போது முக்கியச் சாலைக்கு நடந்து வந்து உள்ளூர் பஸ் பிடித்தேன், சில டாலர்தான். நீங்கள் போகும்போதே பஸ்ஸில் போங்கள்.

தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? பெயர்ப் பலகை, வெட்டிய புல், தபால் பெட்டிகள், வேலிக்குப் பின்னால் குரைக்கும் நாய். ஒரு வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீடு என்று நான் தேடவில்லை. யாரோ குடியிருக்கும் இடத்தின் வாசலில் போய் நிற்பது முறையில்லை. பலகையைப் படம் எடுத்துவிட்டு, 'ரொமான்ஸ் இஸ் டெட்' பாட்டைக் காதில் போட்டுக்கொண்டு தெருவின் கோடிவரை நடந்தேன். மனசு நிறைந்துவிட்டது.

அந்தப் பாட்டு வந்த 'கில்லிங் வித் எ ஸ்மைல்' தொகுப்பு 2005-இல் வெளியானது. அதையும் 2007-இல் வந்த 'ஹொரைசன்ஸ்' தொகுப்பையும் தயாரித்தவர் அமெரிக்க மெட்டல்கோர் குழுவான கில்ஸ்விட்ச் என்கேஜின் கிடாரிஸ்ட் ஆடம் டட்கேவிச். எனக்கு இன்றைக்கும் 'ஹொரைசன்ஸ்'தான் உச்சம். 'கேரியன்' பாட்டில் ஜெஃப் லிங்கின் கிடார் மேலே ஏறிப் போக, பென் கோர்டனின் டபுள் பேஸ் டிரம் கீழே இடிக்க, பாடகர் வின்ஸ்டன் மெக்கால் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். அப்புறம் பிரேக்டவுன், அதாவது வேகம் குறைந்து கனமாக இடிக்கும் பகுதி, வந்து விழும் பாருங்கள், மெட்டல்கோர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

கேப் பைரன் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சுற்றுப் பாதை 3.7 கிலோமீட்டர். நடந்தால் காசு இல்லை, மேலே வண்டி நிறுத்தத்தான் கட்டணம். 1901-இல் கட்டியது, வெள்ளைக் கோபுரம். அதற்குக் கீழே ஆஸ்திரேலிய நிலப்பரப்பின் கிழக்குக் கோடி. அங்கே உட்கார்ந்து அவர்களுடைய 'டீப் ப்ளூ' தொகுப்பு முழுவதையும் கேட்டேன். 2010-இல் வந்தது, தயாரிப்பு ஜோ பரேசி. தன் வாழ்க்கையே பொய் என்று உணர்ந்த ஒருவன் உண்மையைத் தேடிக் கடலின் அடிவரை போய்த் திரும்புவதுதான் அதன் கதை. அந்த ஆண்டின் சிறந்த ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் தொகுப்புக்கான ஆரியா விருதும் (ஆஸ்திரேலிய இசை விருது) வாங்கியது. வீட்டில் கேட்டபோதெல்லாம் கடல் எனக்கு ஓர் உருவகம்தான். இங்கே எதிரில் அலை பாறையில் மோதிச் சிதறுகிறது, இடப்பக்கம் தி பாஸ் கடற்கரையில் பையன்கள் பலகையோடு இறங்குகிறார்கள். இந்தக் குழுவினரும் அலையில் விளையாடி வளர்ந்தவர்கள். அவர்கள் பாட்டில் வரும் கடல் அவர்களுக்குத் தினமும் பார்த்த கடல்.

அவர்களுடைய 'ஐர்' தொகுப்பு விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் அது வந்தபோது, வேகத்தைக் குறைத்துவிட்டார்கள், மைதானத்துக்கு ஏற்ற மாதிரி பாட்டுப் போடுகிறார்கள், மெட்டல்கோருக்குத் துரோகம் என்று பழைய ரசிகர்கள் குதித்தார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 'ஹொரைசன்ஸ்' மாதிரியே நான்கு தொகுப்பு போட்டிருந்தால் இதே ஆட்கள்தான் சலித்துக்கொண்டிருப்பார்கள். 'வைஸ் கிரிப்' பாட்டில் கூட்டமே சேர்ந்து கத்துவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதற்காகத்தானே கச்சேரிக்குப் போகிறோம்? ஆஸ்திரேலிய இசைத் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் 'ஐர்' முதலிடம் பிடித்தது. 2018-இல் 'ரெவரென்ஸ்' வந்தது. அதில் 'விஷிங் வெல்ஸ்' தொடங்கும்போது வின்ஸ்டன் மெல்லப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று வெடிப்பார், எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். 2022-இன் 'டார்க்கர் ஸ்டில்' மட்டும் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. தலைப்புப் பாட்டு அருமை, மற்றதில் பாதி மனசில் நிற்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் அவர்கள் உழைத்துக் களைத்துப்போய் வட அமெரிக்கப் பயணத்தையே ரத்து செய்தார்கள். இடைவிடாமல் சுற்றியவர்கள் நின்று மூச்சு வாங்கினார்களே, அதை நான் மதிக்கிறேன். 2025-இல் சிட்னி ஓபரா ஹவுஸில் ஆர்கெஸ்ட்ராவோடு மேடை ஏறினார்கள். யூயிங்ஸ்டேல் தெருவிலிருந்து அந்த மேடைக்கு!

சாப்பாட்டை மறந்துவிட்டேன். கடற்கரைக்குப் பக்கத்துச் சின்னக் கடையில் பாராமுண்டி வறுவல், அது நம்ம ஊர் கொடுவாதான். மேல்மாவு மொறுமொறு என்று உடைய, உள்ளே மீன் வெள்ளையாக, ஆவி பறக்க இதழ் இதழாகப் பிரிந்தது. கூடவே எலுமிச்சை, உப்பு தூவிய உருளைக்கிழங்கு. 22 டாலர். அந்த ஊரில் நான் கொடுத்த காசில் முழுத் திருப்தி தந்தது இது ஒன்றுதான். நடுத்தெருவில் 28 டாலருக்கு ஒரு கிண்ணம் பழக்கூழ் விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

வார நாளில் போங்கள், டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையைத் தவிருங்கள், படுக்கை வாடகை குறையும். கையில் இருக்கும் காசு இந்தப் பயணத்துக்கு அல்லது அவர்கள் கச்சேரிக்கு என்று ஒன்றுக்குத்தான் வருமானால், யோசிக்காமல் கச்சேரி டிக்கெட் வாங்குங்கள்.