கிளாஸ் 56 உரிமை ஏடு: இதுவரை வந்த தூரம்

பிரிட்டனின் கிளாஸ் 56 சரக்கு டீசல் லோகோக்கள் ஒவ்வொன்றும் யார் யார் கைக்குப் போயிற்று என்று ஒரு ஏட்டில் எழுதி வருகிறேன். மொத்தமே 135தான், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நம்பித் தொடங்கினேன்.

முதல் பக்கங்கள் சுலபமாக நிரம்பின. எண் 56 என்று தொடங்கும், பின்னால் வரிசை எண். 56001 முதல் 56030 வரை ருமேனியாவில் செய்தவை. 56031-இல் இருந்து இங்கிலாந்தின் டான்காஸ்டர் பட்டறை, கடைசி 20 அங்கேயே குரூ பட்டறை. 1976-இல் தொடங்கி 1984-இல் முடிந்தது. 3,250 குதிரைத்திறன், நிலக்கரி இழுப்பதே முக்கிய வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே சொந்தக்காரர், அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயில்.

சிக்கல் 1994-இல் ஆரம்பிக்கிறது. தனியார்மயத்துக்காகச் சரக்குப் பிரிவின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளாகப் பிரிந்தது: டிரான்ஸ்ரெயில், லோட்ஹால், மெயின்லைன். 1996-இல் விஸ்கான்சின் சென்ட்ரல் என்ற அமெரிக்க ரயில் கம்பெனியின் தலைமையிலான குழு மூன்றையும் வாங்கிவிட்டது; அதுதான் பிறகு இ.டபிள்யூ.எஸ். (இங்கிலிஷ் வெல்ஷ் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே) ஆனது. இங்கேதான் தப்பு செய்தேன். புகைப்படத்தில் தெரியும் நிறத்தை வைத்தே உரிமையாளர் பெயரை எழுதிக்கொண்டு போனேன். லோட்ஹாலின் கறுப்பும் ஆரஞ்சும் 1998 படத்தில் இருந்தால், சொந்தக்காரர் லோட்ஹால்! அந்தக் கம்பெனியே அதற்குள் கைமாறியிருந்தது, பெயிண்ட் மட்டும்தான் மாறவில்லை. பதினைந்து பக்கம் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

அப்புறம் சொந்தக்காரர், ஓட்டுபவர், நிறம் என்று தனித்தனிப் பத்தி போட்டேன். அதன் அருமை பிரான்ஸ் வந்ததும் புரிந்தது. கிழக்கு அதிவேகப் பாதை கட்டுமானத்துக்காகச் சில 56-கள் அங்கே வாடகைக்குப் போய், ஃபெர்டிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியின் நிறத்தில் உழைத்தன. உரிமை கடைசிவரை இ.டபிள்யூ.எஸ். இடமே இருந்தது.

2004-இல் பிரிட்டனில் அவற்றை ஓரங்கட்டினார்கள். பல இரும்புக் கடைக்குப் போயின. சில சிறிய கம்பெனிகள் கையில் மறுபடி ஓடின. அப்போது சிலவற்றுக்கு எண்ணும் மாறியது. என் கூட்டுத்தொகை 135-ஐத் தாண்டியபோதுதான் பிடிபட்டது: 56057-ம் 56311-ம் ஒரே லோகோ, நான் இரண்டாக எண்ணியிருக்கிறேன். ருமேனியக்காரரான 56003-தான் 56312. எண்ணை விட்டுவிட்டு, பிறந்த நாள் முதல் ஒவ்வொரு லோகோவுக்கும் ஒரே பக்கம் என்று மாற்றிக்கொண்டேன்.

இந்த வாரம் 56031. டான்காஸ்டரின் முதல் 56. ஜி.பி. ரெயில்ஃபிரைட் என்ற பிரிட்டிஷ் சரக்கு ரயில் கம்பெனி 2018-இல் வாங்கிய 16-இல் ஒன்று. புது இன்ஜின், புது முகப்பு ஏற்றி, கிளாஸ் 69 என்ற புது வகையாக, இன்று 69001 என்று ஓடுகிறது. இது பழைய பக்கத்திலா, புதுப் பக்கத்திலா? இரண்டு நாள் யோசித்தேன். அடிச்சட்டம் 1977-இல் வந்ததேதான். பழைய பக்கத்திலேயே, கடைசி வரிக்குக் கீழே எழுதிவிட்டேன். அடுத்து 56311, அதாவது 69002.