கட்டையனின் செப்டெம்பர்

2024 ஓகஸ்ட் 30, வெள்ளி

இடமாற்றக் கடிதம் கையில் கிடைத்தது. ஒக்டோபர் முதலாம் திகதி மன்னாரில் நிற்கவேண்டும். பதினொரு வருடம் திருகோணமலையை விட்டு அசையாமல் இருந்ததற்கு வட்டி. அம்மா வவுனியாவில் அண்ணா வீட்டுக்கு, நான் போர்டிங்குக்கு, வீடு பூட்டு. மிஞ்சுவது கட்டையன்.

அண்ணாவின் சின்னவளுக்கு இழுப்பு, பூனை மயிர் ஆகாது. போர்டிங்கில் கேட்டுப் பார்த்தேன். "பூனையோ?" என்று அந்த அம்மா இழுத்த இழுப்பிலேயே கதையைத் தண்ணி வசதிக்கு மாற்றிவிட்டேன்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

2011 தை வெள்ளத்தில் வந்தவன். எங்கள் ஒழுங்கை முழங்கால் அளவு தண்ணியில் கிடக்க, மதிலில் ஒரு உள்ளங்கை அளவு செம்மஞ்சள் உருவம் இருந்து கத்தியது. வால் பாதியில் முறிந்த மாதிரி. பிறவியிலேயே அப்படி. அதனால் கட்டையன்.

வைகாசியில் தண்ணீர்க் கிண்ணம் ஒரு நாளில் இரண்டு தரம் காலியானது. வெக்கைக்குக் குடிக்கிறான் என்று நினைத்தேன். திருகோணமலை வைகாசியில் யார்தான் குடிக்காதது? 4.6 கிலோ இருந்தவன் 3.4 ஆன பிறகுதான் டொக்டரிடம் கொண்டுபோனேன். சிறுநீரகம். முக்கால்வாசி வேலை போன பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறத் தொடங்குமாம். 4.1 காட்டியது. நாலு கட்டத்தில் மூன்றாவது. மாற்ற ஏலாது, மெதுவாக்கலாம் என்றார்.

ஆடி மாதத்திலிருந்து பின்னேரம் ஆறு மணிக்குச் சேலைன். போத்தலை வெந்நீரில் வைத்துச் சூடு காட்டி, யன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியைச் செருகவேண்டும். 100 மில்லி. ஏறி முடிய முதுகில் மாட்டுத் திமில் போல ஒன்று நிற்கும், பிறகு சரிந்து ஒரு முன்னங்காலுக்கு இறங்கும். அந்தக் காலோடு நொண்டி நொண்டி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே குசினிக்குப் போவான். முதல் கிழமை என் கைதான் நடுங்கியது. இப்போது வானொலிச் செய்தி முடிவதற்குள் முடிந்துவிடும்.

செப்டெம்பர் 5, வியாழன்

கேட்காத ஆள் இல்லை. ஒரு காப்பகத்தோடு கதைத்தேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்: எடுக்கலாம், ஆனால் தினமும் ஒரு பூனைக்குச் சேலைன் போட ஆள் இல்லை. கந்தோரில் ஒருவர், "மீன் சந்தையில விட்டா அது தன்ர பாட்டில பிழைச்சுக்கொள்ளும்" என்றார். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. உடம்பு தண்ணியைப் பிடித்து வைக்க முடியாத பூனை சந்தையில் எத்தனை நாள் பிழைக்கும்? அவர் சொன்னது கொலைதான், பார்க்கத் தேவையில்லாத கொலை.

அடுத்த ஒழுங்கை ராத்தாவிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. ஓம் என்றுவிடுவா என்ற பயம்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

டொக்டர் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2004-இல் எழுதியது. நோவு, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோசம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா. ஏழுக்கும் பத்துப் பத்துப் புள்ளி. 35-க்கு மேல் நின்றால் வைத்திருக்கலாம்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பூனைக்கும் ஓ.எல். சோதினையோ? 35 எண்டா எஸ் பாஸ்" என்றா. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "பூனையைக் கொன்றா தங்கத்தில பூனை செய்து கோயிலுக்குக் குடுக்கவேணும், தெரியுமோ?" பவுண் விற்கிற விலையில் நான் மீசைகூடச் செய்ய முடியாது என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

இன்றைக்கு 44 போட்டேன். பசிக்கு ஆறு, சூடை மீனைக் கண்டபடியால். முள்ளில் பொஸ்பரஸ், சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆனால் பட்டினி கிடப்பதைவிட எதையாவது தின்னட்டும் என்று டொக்டரே விட்டுவிட்டார். சந்தோசத்துக்கு எட்டுப் போட்டேன். அது அவனுடைய புள்ளியா என்னுடையதா என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 13, வெள்ளி

ராத்தா ஓம் என்றுவிட்டா. "பூனையைக் கட்டிப்போட்டுத் தீனி குடுக்காத பொம்புளைக்கு நரகம் எண்டு ஹதீஸ் இரிக்கி தங்கச்சி. நான் மாட்டன் எண்டு சொல்லுவனா?" ஊசி மட்டும் தன்னால் ஏலாதாம், ஏ.எல். படிக்கிற மகன் போடுவான். பெடியன் மூன்று நாள் வந்து பழகினான். கெட்டிக்காரன்.

இன்று கூடை, கிண்ணம், ஐந்து போத்தல், ஊசிப் பெட்டி எல்லாம் கொண்டுபோய் விட்டேன். கட்டையன் கட்டிலுக்குக் கீழ் ஒளிப்பான், சாப்பிடமாட்டான் என்று எதிர்பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் அவர்களுடைய சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான். ராத்தா வைத்த மீனையும் தின்றான். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும்.

செப்டெம்பர் 16, திங்கள்

மீலாத். ராத்தா சோறு கொண்டுவந்தா. சகனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றா. "ஒண்டு சொல்லணும், ஏசக்கூடாது."

வெள்ளிக்கிழமை ஊசி சரியாக ஏறியது. சனிக்கிழமை கட்டையன் துள்ள, ஊசி தோலின் மறுபக்கத்தால் வெளியே வந்து தண்ணியெல்லாம் மயிரில் ஓடிவிட்டது. பெடியன் பயந்து போனான். ஞாயிறு தொடவே இல்லை. வெட்கத்தில் எனக்குச் சொல்லவும் இல்லை. தாய்க்கே இன்று காலைதான் தெரியும்.

அந்தப் பிள்ளையை என்னவென்று ஏசுவது? எனக்கே ஒரு கிழமை எடுத்தது. நான் கொடுக்கப் பார்த்தது ஒரு பூனையை இல்லை, வருடம் முந்நூற்று அறுபத்தைந்து பின்னேரத்தையும் அதற்குப் பிறகு வரப்போகிற சாவையும். சகனை வாங்கி வைத்துவிட்டு அவவோடேயே போய்க் கூடையைத் தூக்கி வந்தேன்.

செப்டெம்பர் 19, வியாழன்

கிரியாட்டினின் 7.2. நாலாம் கட்டம். 3 கிலோவும் இல்லை. இரண்டு நாள் சேலைன் விட்டதால்தானா என்று கேட்டேன். "அது ஒரு உதை. ஆனா விழுகிற மரத்துக்குத்தான் விழுந்தது" என்றார். பேராதனை மிருக வைத்தியபீட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமோ என்றும் கேட்டேன். ஸ்கேன் எடுப்பார்கள், விளக்கமாகப் படம் தெரியும், சிறுநீரகம் அதேதான். ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் கண்டிவரைக்கும் பஸ்ஸில் இவனைக் கொண்டுபோவதை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

இலக்கத்தை ராத்தாவுக்குச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

செப்டெம்பர் 22, ஞாயிறு, விடிய

நேற்று ஜனாதிபதித் தேர்தல். காலையில் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். இரவு பத்திலிருந்து ஊரடங்கு. பதினொரு மணிக்குக் கட்டையன் சத்தி எடுக்கத் தொடங்கினான். வாயில் மூத்திர நாற்றம். யூரியாக் கழிவு இரத்தத்தில் தங்கினால் அப்படித்தான் மணக்குமாம். நாக்கோரத்தில் புண். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிக்காமல் இருந்தான். டொக்டருக்கு எடுத்தேன். காலைவரை பாருங்கள், இப்போது வர வழியில்லை என்றார்.

தொலைக்காட்சியில் தபால் வாக்கு முடிவுகள். அம்மா கதிரையிலேயே நித்திரை. நான் நிலத்தில், அவன் என் பழைய சீத்தைச் சட்டையில். புள்ளி போட்டுப் பார்த்தேன். 17. திரும்பவும் போட்டேன். 19. சந்தோசத்துக்கு இரண்டு கூட்டியிருந்தேன், கையைத் தலையில் வைத்தபோது கண்ணை மூடினானே என்று.

பின்னேரம்

ஊரடங்கை மதியம்வரை நீட்டிவிட்டார்கள். ஒருவருக்கும் ஐம்பது வீதம் வராததால், முதல் தடவையாக இரண்டாம் விருப்பையும் எண்ணுகிறார்கள். என் முதல் விருப்பு இவன் இந்த முற்றத்தில் தன்ர பாட்டில் கிழடாகிப் போவது. இரண்டாவது ராத்தா வீடு. மூன்றாவதைத்தான் இவ்வளவு நாளும் எண்ணாமல் வைத்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "வீட்டில வைச்சுச் செய்யச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத. நாய் குலைக்கிற சத்தத்தில வேண்டாம்" என்றா. தங்கப் பூனையைப் பற்றிப் பேசவில்லை.

செப்டெம்பர் 24, செவ்வாய்

நாலரைக்கு வந்தார். என்னென்ன நடக்கும் என்று முதலே சொன்னார்: தொடையில் ஒரு மயக்க ஊசி, நித்திரையான பிறகு முன்னங்காலில் மயிரை மழித்து நரம்பில் மயக்க மருந்தைக் கூடிய அளவில். கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம், அது நோவு இல்லை. கண் மூடாது, பயப்படவேண்டாம்.

யன்னலடியில் வைத்தே செய்தோம். சேலைன் தொங்கிய கம்பி மேலே. முதல் ஊசிக்கு வழமைபோலத் திரும்பி என்னைப் பார்த்தான், இதுவும் அந்த ஆறு மணி விசயம்தான் என்ற மாதிரி. இரண்டாவது ஊசி தெரியாது. நான் மணியைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருக்கிறா, நாலு ஐம்பத்திரண்டு.

தேசிக்காய் மரத்தடியில் மூன்றடிக்கு வெட்டுவித்தேன். மருந்து உடம்பில் நிற்குமாம், நாயோ காகமோ கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து, ஆழமாகத்தான் தாழ்க்கவேண்டும் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். ராத்தா வந்து மதிலடியில் நின்றா. பெடியன் வரவில்லை. நாளைக்குப் போய் அவனோடு கொஞ்சம் கதைக்கவேண்டும்.

செப்டெம்பர் 28, சனி

பெட்டி கட்டுகிறேன். மிஞ்சிய சேலைன் நாலு போத்தலையும் டொக்டரிடம் கொடுக்க ஆட்டோவில் போனேன். கோட்டை வீதியில் மான் ஒன்று நடுவில் நின்று பொலித்தீன் பையை மென்றது, ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தும் நகரவில்லை. இறங்கிப் பையை இழுத்து எடுத்தேன்.

பாவித்த ஊசிகளை நெஸ்டமோல்ட் போத்தலில் போட்டு மூடி வைத்திருந்தேன், குப்பையில் போடக்கூடாது என்பதால். அதையும் கொடுத்தேன். அங்கே நின்ற பிள்ளை போத்தலை ஆட்டிப் பார்த்து, "எத்தினை அன்ரி?" என்றாள். எழுபதுக்கு மேலே இருக்கும் என்றேன். நாற்பது நாளிலேயே ஒரு பூனைக்காரர் விட்டுவிட்டார் என்றாள். அந்த நாலு போத்தலும் இன்றைக்கே ஆலடிப் பக்கம் ஒரு கறுப்புப் பூனைக்குப் போகிறதாம்.