மிகாசா 1/350: படுக்கைச் சுருள்கள் ஒருவழியாக வசப்பட்டன

பழைய ஜப்பானியப் போர்க்கப்பல் மிகாசாவை 350-ல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதன் திசைகாட்டி மேடையை, அதாவது கப்பலைச் செலுத்தும் திறந்த மேடையைச் சுற்றிக் கட்டிய கித்தான் படுக்கைச் சுருள்கள் இன்று காலை காய்ந்து நின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு சுருளும் தனித்துத் தெரிகிறது. இந்தக் கப்பலில் வேறு எந்தப் பாகமும் என்னை இப்படிப் படுத்தியதில்லை. அடிப்பாகம் ஒட்டியது, நீர்மட்டக் கோடு பிரித்தது, மரத்தளத்துக்கு நிறம் கொடுத்தது எல்லாம் வழக்கம்போல முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மிகாசாவைச் செய்ய உட்காருபவர் முதலில் எந்த நாளின் மிகாசா என்று முடிவு செய்தாக வேண்டும். இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் கட்டி 1902-ல் ஒப்படைத்த கப்பல் ஒன்று. ரஷ்ய-ஜப்பானியப் போரில், 1904 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் கடல் சண்டையில் இருபது குண்டுகள் வாங்கி, பின்புறப் பீரங்கிக் கூண்டு முடங்கிப்போய் நின்ற கப்பல் இன்னொன்று. அதே போரில், 1905 மே 27 அன்று சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கப்பற்படையின் குறுக்கே திரும்பியது மூன்றாவது. அதே ஆண்டு செப்டம்பரில் சசெபோ துறைமுகத்தில் வெடிமருந்து அறை வெடித்து மூழ்கியது. சுஷிமாவில் முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளைத் தாங்கி மிதந்த கப்பல், போர் முடிந்த பின் தன் துறைமுகத்திலேயே இருநூற்றைம்பதுக்கும் அதிகமானோரைப் பலிகொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. 1906-ல் தூக்கி எடுத்தார்கள். 1908-ல் அது மீண்டும் பணிக்கு வந்தபோது பெரிய பீரங்கிகளே மாறியிருந்தன.

ஜப்பானின் யோகோசுகா நகரில் இன்று நிற்கும் மிகாசாவின் படங்களை வைத்து 1905 மாடலைச் செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். 1921-ல் விளாதிவொஸ்தொக் அருகே தரைதட்டி, 1923-ல் போர்க்கப்பல்களைக் குறைக்கும் வாஷிங்டன் ஒப்பந்தப்படி பணியிலிருந்து விலகி, 1926-ல் கரையோடு சேர்த்துப் புதைத்து நினைவுச்சின்னமாக்கப்பட்ட கப்பல் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீரங்கி, பாய்மரம், புகைபோக்கி எல்லாம் போய், மேல்தளத்தில் நடன அரங்கும் மீன் காட்சியகமும் நடந்தன. 1961-ல் சீரமைத்துத் திறந்தபோது, உடைப்பதற்காக ஜப்பான் வந்திருந்த சிலி நாட்டின் அல்மிராந்தே லத்தோரே போர்க்கப்பலின் பாகங்களையும் பொருத்தினார்கள். இப்போது தெரியும் பீரங்கிகள் பிற்காலத்து நகல்கள். அதைக் காப்பாற்றியவர்கள் செய்தது மிகப் பெரிய காரியம். ஆனால் மாடல் செய்பவருக்கு அளவெடுக்கும் ஆதாரமாக அது போதாது.

நான் எடுத்துக்கொண்டது மே 27 பிற்பகல். அந்த நாளின் அடையாளம் இந்தப் படுக்கைச் சுருள்கள்தான். கப்பலாட்கள் இரவில் தொங்கவிட்டுப் படுக்கும் கித்தான் படுக்கைகளைச் சுருட்டி, கயிறு கட்டி, மேடைக் கம்பிகளைச் சுற்றி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். தெறித்து வரும் குண்டுச் சிதறல்களைத் தடுக்க அன்று இருந்த வழி அது. ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி தோகோ 14 அங்குலக் கவசம் போட்ட கோபுரத்துக்குள் போகாமல் சண்டை முழுவதும் அந்தத் திறந்த மேடையிலேயே நின்றார். அவருக்கும் குண்டுச் சிதறலுக்கும் நடுவே இருந்தது வெறும் துணி. அதை ஒப்புக்கு ஒட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

1/350 அளவில் ஒரு சுருள் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், அரிசியில் பாதி. பருத்தி நூலை வெட்டி ஒட்டினால் பிசிறு நிற்கிறது. பெயின்ட் பட்டதும் பிசிறு விறைத்துக் கம்பளிப் புழுவாகிவிடுகிறது. ஈயக் கம்பி நன்றாக வளைகிறது, ஆனால் வெட்டிய முனை தட்டையாக, குழாய் போலத் தெரிகிறது. துணிச் சுருளின் முனை குவிந்திருக்க வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி மாவு. கண்ணாடித் தகட்டில் முகப்பவுடர் தூவி, மாவை வைத்து, அக்ரிலிக் துண்டால் உருட்ட வேண்டும். விரலால் உருட்டினால் மேடுபள்ளம் வந்துவிடும். அக்ரிலிக்கின் இரு ஓரத்திலும் 0.8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிவிட்டால் அதற்குமேல் மெலியாது. உருட்டியதை உடனே வெட்டக் கூடாது. தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் பதியும் பக்குவம் ஒன்று வரும். அந்த நேரத்தில் புது பிளேடின் மழுங்கிய முதுகால் குறுக்கே லேசாக அழுத்தினால் கயிற்றுக் கட்டுகள் விழுகின்றன. பிறகுதான் கூர்ப்பக்கத்தால் வெட்டு. வெட்டும்போது பிளேடை முன்னும் பின்னும் உருட்டினால் முனை தானாகக் குவிகிறது. இந்த அசைவு கைக்கு வந்த பிறகு வேலை ஓடியது.

பித்தளைக் கம்பியில் ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம், வெள்ளைப் பூத்துவிடுகிறது. நீர்த்த அக்ரிலிக் வார்னிஷ் போதும். நகர்த்திச் சரிசெய்யவும் நேரம் கிடைக்கிறது. எல்லாச் சுருளும் ஒரே உயரத்தில் நிற்கக் கூடாது, ஒன்றிரண்டு சற்றுத் தொய்ய வேண்டும். நிறம் தூய வெள்ளை அல்ல, பழுப்பு கலந்த வெள்ளை. வாஷ் என்னும் நீர்த்த பழுப்புப் பெயின்ட் இடுக்குகளில் இறங்கியதும் உயிர் வந்துவிட்டது. பக்கத்தில் கருஞ்சாம்பல் நிறத்துப் புகைபோக்கிகள் இருப்பதால் எடுப்பாகவும் நிற்கிறது. இந்த அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்து வரும் எந்தச் சுருளும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது என்று தைரியமாகச் சொல்வேன்.

கருவி பற்றி ஒரு வார்த்தை: பொழுதுபோக்குக் கடைகளில் விற்கும் இடுக்கிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர்களுக்குக் கருவி விற்கும் கடையில் பாதி விலைக்கு இரண்டு மடங்கு நல்ல இடுக்கி கிடைக்கிறது. பித்தளைக் கைப்பிடிக் கம்பித் தகடுகள்தான் தலைவலி. நான் வாங்கும் இடத்தில் அட்டையில்லாமல் வெறும் உறையில் போட்டு அனுப்புகிறார்கள். மடங்கிப்போன தகடுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. சுங்க வரியையும் கட்டிவிட்டு மடங்கிய பித்தளையை நிமிர்த்திக்கொண்டிருப்பது எரிச்சலான வேலை.

மிகாசாவே முடியவில்லை, மனம் அதற்குள் ரஷ்யப் பக்கம் போய்விட்டது. ஸ்வெஸ்தா நிறுவனம் விற்கும், ஒர்யோல் என்ற ரஷ்யப் போர்க்கப்பலின் 1/350 கிட் கிடைத்தால் மஞ்சள் புகைபோக்கியும் கறுப்பு உடலுமாகப் பக்கத்தில் நிறுத்த ஆசை. சுஷிமா சண்டை தொடங்கிய மறுநாள் சரணடைந்து, இவாமி என்ற பெயரில் ஜப்பானியக் கடற்படைக்கே போன கப்பல் அது.

அதற்குமுன் இங்கே இரண்டு வேலை பாக்கி. ஒன்று, மஞ்சள், கறுப்பு, சிவப்பு, நீலம் என நான்கு முக்கோணங்கள் கொண்ட இசட் கொடி, அன்று சண்டைக்கு முன் தோகோ ஏற்றிய சமிக்ஞைக் கொடி. மெல்லிய ஈயத்தாளில் வரைந்து, காற்றில் மடிவதுபோல வளைக்கப் போகிறேன். இன்னொன்று, கம்பியில்லாத் தந்தியின் வான்கம்பி. அன்று விடியற்காலை ஷினானோ மாரு என்ற ஜப்பானிய ரோந்துக் கப்பல் ரஷ்யர்களைக் கண்டு அனுப்பிய செய்தி கம்பியில்லாத் தந்தியில்தான் வந்தது. ஆகவே அதை விட்டுவிட முடியாது. இழுபடும் நூலில் 0.03 மில்லிமீட்டர் தடிமன் வாங்கி வைத்திருக்கிறேன். இரு பாய்மரங்களுக்கும் நடுவே அது தொய்யாமல் நிற்குமா என்பதை முதலில் பழைய மாடல் ஒன்றில் கட்டிப் பார்க்க வேண்டும். இதே நூலை இந்த நீளத்துக்குக் கட்டியவர்கள் எந்தப் பசையில் முடிச்சை நிறுத்தினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.