ஒரு நொடிக் கணக்கும் மூன்றாம் முடிச்சும்

நல்ல புகைப்படத்துக்குத் தொழில்நுட்ப அறிவு வேண்டுமா, உள்ளுணர்வும் நிதானமும் போதுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நினைவுக்கு வருகிறார். 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்தபோது, மறையும் வெயிலில் கல்லறைச் சிலுவைகள் பளிச்சிடுவதையும் அவற்றுக்கு மேலே நிலா எழுந்திருப்பதையும் அவர் கண்டார். 8 அங்குலத்துக்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை அவசரமாக நிறுத்திய பிறகு பார்த்தால் ஒளியை அளக்கும் லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மட்டும் அவர் மனத்தில் இருந்தது. அதைக் கொண்டு, லென்ஸின் துளை எஃப்/8 (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) என்றால் ஃபிலிமில் ஒளி விழவேண்டிய நேரம் 1/60 நொடி என்று வகுத்து, ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கும்படி மாட்டியிருந்த மஞ்சள் ஃபில்டருக்காக அதை மும்மடங்காக்கி, துளையை எஃப்/32க்குச் சுருக்கியதற்கு ஈடாக மேலும் பதினாறு மடங்காக்கி, ஏறத்தாழ ஒரு நொடி என்று முடிவு செய்தார். இரண்டாவது படத்துக்கு ஃபிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மீதிருந்த வெயில் போய்விட்டது.

இதை உள்ளுணர்வின் வெற்றி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது ஊறிப்போன கணக்காகத்தான் தெரிகிறது. அவரே சொன்னபடி, காரைப் பள்ளத்தில் இறக்காத குறையாக நிறுத்திவிட்டு, உடன் வந்தவர்களை நோக்கிக் கத்தியபடிதான் கருவிகளை எடுத்திருக்கிறார். உடலில் பதற்றம் இருந்தும் கணக்கில் அது ஏறவில்லை.

நம் ஊரில் இதற்கு இணையான சோதனை முகூர்த்த மேடை. கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே அளப்பதால், பட்டு வேட்டி சட்டகத்தை நிறைத்தால் வெண்மை அழுக்கேறித் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்ட வேண்டும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு மேல் ஏற்றினால் படத்தில் பட்டை விழக்கூடும், மிகவும் இறக்கினாலோ முடிச்சிடும் விரல்கள் கலங்கிவிடும்.

இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற குரல் எழுந்த பிறகு இவற்றில் ஒன்றைக்கூட யோசிக்க நேரமிருக்காது. தவில் உச்சத்துக்குப் போகிறது, அட்சதை பறக்கிறது, உறவினர்கள் கைபேசியோடு எழுந்து மறைக்கிறார்கள், ஆட்டோஃபோகஸ் அரிசிக்கும் ஹோமப் புகைக்கும் இடையே தடுமாறுகிறது. தேர்ந்த கலைஞர் அமைப்புகளையெல்லாம் மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றிவரும்போதே முடித்திருப்பார். மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார் பின்னாலிருந்து குனிவார் என்பதும், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் அந்தக் கலைஞர் முன்பே கவனித்தவை. பார்ப்பவர்கள் உள்ளுணர்வு என்று வியப்பதில் பாதி இந்தச் சடங்கறிவுதான். எந்தக் கேமராவின் கையேட்டிலும் அது இருக்காது. (தாலியை இன்னொரு முறை பிடித்துக்காட்டச் சொல்லிப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.)

நொடிக்கு 20 படங்கள் எடுக்கும் கேமராக்கள் வந்தபின் இத்தனை முன்யோசனை எதற்கு என்று கேட்கிறார்கள். இரண்டாம் முடிச்சுக்கும் மூன்றாம் முடிச்சுக்கும் இடையில் விரல்கள் எப்படி இருந்தன என்று பொறுக்கி எடுக்க அந்த வேகம் உண்மையிலேயே உதவும். நிற்குமிடத்தைத் தவறாகத் தேர்ந்தவருக்கோ, பெரியப்பாவின் முதுகு ஒரே கோணத்தில் இருபது முறை கிடைக்கும்.